பிரதம அதிதி வரும்வரை ஐந்து நிமிடம்

கண்டக்குழியில் ஒரு கக்கூஸ் கதவுக்குச் சிவப்பு நாடா கட்டித் திறப்புவிழா நடத்தினார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. அந்த விழாவில் மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தவன் நான். யுத்தம் முடிந்த பிறகு எங்கள் கரையில் திறக்காத சாமான் கிடையாது. குழாய் திறந்தார்கள், மதகு திறந்தார்கள், ஏற்கெனவே திறந்து கிடந்த மீன் வாடியை ஒரு நாள் பூட்டிவைத்து மறுநாள் திறந்தார்கள். திறக்க இனி ஒன்றும் மிஞ்சவில்லை என்ற நிலை வந்தபோதுதான் அவர்களுடைய கண் மர்ளியா வீட்டுக் கக்கூஸில் விழுந்தது.

மர்ளியா எங்கள் அஃப்ராஸின் மனைவி. அஃப்ராஸ் என்னோடு தோணியில் கடலுக்குப் போகிறவன். காற்றுக் காலத்தில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு விடுதியில் சாமான் சுமப்பான். கலியாணமாகிச் சில வருஷம் போய்விட்டது, பிள்ளை இல்லை. அந்தக் கவலை அவர்கள் இரண்டு பேருக்கும் இருந்தது. ஊருக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

முந்தின வருஷம் ஒரு தவறு நடந்துவிட்டது. மாதத்து நாள் தள்ளிப்போன மறுநாளே அவசரப்பட்டு, கற்பிட்டி பாமசியில் கர்ப்பம் பார்க்கிற அந்தச் சின்னக் காகிதப் பட்டியை வாங்கி, நடுப்பகலில், வயிறு முட்ட இளநீர் குடித்துவிட்டு மர்ளியா சோதித்துப் பார்த்தாள். ஒரு கோடுதான் வந்தது. மனம் உடைந்து பட்டியை ஜன்னல் கட்டையில் போட்டுவிட்டாள். அடுத்த நாள் தூசி தட்டும்போது பார்த்தால் இரண்டாவது கோடு லேசாகத் தெரிந்தது. அஃப்ராஸுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பின்னேரமே முட்டையும் கருப்பட்டியும் கலக்கி வட்டிலப்பம் அவித்துத் தெருவெல்லாம் பீங்கான் பீங்கானாக அனுப்பிவிட்டான். அந்தக் கிழமை முடியுமுன் அவளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. காய்ந்துபோன பட்டியில் நேரம் கடந்து தெரிகிற கோட்டை நம்பக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வந்த பீங்கானை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே அதற்குப் பிறகும் பீங்கான்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருத்தி மாங்காய் வைத்து அனுப்பினாள், இன்னொருத்தி நெல்லிக்காய் அச்சாறு வைத்து அனுப்பினாள். வாய்க்கு ருசியாக இருக்குமாம். மர்ளியா ஒவ்வொன்றையும் ஸலாம் சொல்லி வாங்கி, கதவைச் சாத்திவிட்டு அழுதாள். இதை அஃப்ராஸ் எனக்குச் சொன்னபோது அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை.

இந்த வருஷம் மறுபடியும் நாள் தள்ளிப்போனது. இந்த முறை மர்ளியாவுக்கு இரண்டே இரண்டு ஆசை. வருகிற பதில் உண்மையாக இருக்க வேண்டும். அது உறுதியாகும்வரை ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது. கற்பிட்டி பாமசிக்கு இனிப் போக முடியாது. அங்கே நிற்பவன் அஃப்ராஸின் மாமி வழியில் சொந்தம், அவனிடம் வாங்குவதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் ஒன்றுதான். எனவே கிளினிக்குக்கு வரும் குடும்பநல மாது பவுலினாவிடம் போய் மெல்லக் கேட்டாள். பவுலினா சிலாபம் பக்கத்துப் பெண், தங்கமான மனசு, தொண்டை மட்டும் கொஞ்சம் பெரியது. தங்கள் காரியாலயத்தில் புதிதாக ஒரு திட்டம் வந்திருக்கிறது என்றும், பெட்டி இலவசம் என்றும், திட்டத்தின் பெயரே 'வீட்டிலேயே, தனிமையில், ஐந்து நிமிடத்தில்' என்றும் பவுலினா சொன்னாள். இரகசியம் பேணப்படும் என்றும் சொன்னாள். மர்ளியா நம்பிப் பெயரைக் கொடுத்தாள்.

அந்தப் பெயர் கரையோரக் குடும்ப நல ஊக்குவிப்புக் காரியாலயத்தின் பொறுப்பதிகாரி செய்னுலாப்தீன் சேரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் எதையும் ஆரம்பித்துவைக்காமல் ஆரம்பிக்க அவருக்குத் தெரியாது. தும்மல் வந்தாலும் யாராவது வரவேற்புரை சொல்லட்டும் என்று காத்திருப்பவர். பெட்டிகளெல்லாம் அலுமாரியில் பூட்டிக் கிடந்தன. திட்டம் அங்குரார்ப்பணம் செய்யப்படாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. அங்குரார்ப்பணத்துக்குப் பிரதம அதிதி வேண்டும். அதிதிக்கு ஒரு முதற்பயனாளி வேண்டும். அப்படித்தான் மர்ளியா முதற்பயனாளி ஆனாள்.

விழாவை எங்கே வைப்பது என்று காரியாலயத்தில் கூட்டம் போட்டார்கள். மண்டபத்தில் வைக்கலாம் என்று ஒருவர் சொல்ல, திட்டத்தின் பெயர் 'வீட்டிலேயே' என்று இருப்பதால் அது கொள்கைக்கு முரண் என்று சேர் மறுத்தார். மர்ளியாவின் வீட்டிலேயே வைப்பது என்று தீர்மானமானது. சந்தியில் பெரிய பதாகை ஏறியது. அதில் மர்ளியாவின் படம். இரகசியம் பேண வேண்டும் என்பதற்காகக் கண்களின் மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே அவளுடைய பெயரும் முகவரியும் இருந்தன.

அஃப்ராஸ் பதறிக்கொண்டு காரியாலயத்துக்கு ஓடினான்.

"சேர், இது ரகசியம் எண்டுதானே சொன்னீங்க?"

"ஓம் தம்பி, ரகசியந்தான்," என்றார் செய்னுலாப்தீன் சேர், மிகவும் அன்பாக. "அதத்தான் எல்லாருக்கும் அறிவிக்கப் போறம்."

பெட்டியை மட்டும் தந்துவிடுங்கள், விழா வேண்டாம் என்று அஃப்ராஸ் கெஞ்சினான். அலுமாரியின் திறப்புச் சாவியே பிரதம அதிதியின் கையால்தான் கொடுக்கப்படும் என்றும், பதாகை ஏறிவிட்டதால் இனிப் பயனாளி பின்வாங்குவது அரசாங்கத்தைப் பின்வாங்கச் செய்வதாகும் என்றும் பதில் வந்தது. அரசாங்கத்தைப் பின்வாங்கச் செய்கிற அளவுக்கு அஃப்ராஸிடம் துணிவு இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு வந்தான்.

விழா நாள் வந்தது. காலையில் முதலில் வருகிற சிறுநீர்தான் சோதனைக்கு நல்லது என்று பெட்டியில் இருந்த துண்டுத்தாள் சொன்னது. அதைக் காரியாலயம் அக்கறையாகக் கவனித்து, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு ஆட்களை அனுப்பி, முற்றத்து மூலையில் இருந்த கக்கூஸ் கதவுக்குக் குறுக்கே நாடாவைக் கட்டிவிட்டது. பிரதம அதிதி ஏழு மணிக்கு வந்து நாடாவை வெட்டுவார், முதற்பயனாளி உள்ளே போவார், இதுதான் நிகழ்ச்சிநிரல். அதுவரை வீட்டார் எங்கே போவது என்று நிகழ்ச்சிநிரலில் இல்லை. அஃப்ராஸ் பக்கத்து வீட்டு ஸுஹைரா ராத்தாவின் கக்கூஸுக்குப் போய் வந்தான். மர்ளியா போகக்கூடாது. அவளுடையது அரச நிகழ்வுக்குரியது.

ஏழு மணிக்கு அதிதி புத்தளத்தில் காலைச் சாப்பாட்டில் இருப்பதாகத் தகவல் வந்தது. எட்டு மணிக்குப் பாலாவிச் சந்தியில். பிறகு வழியில் யாரோ ஒரு மதகைக் காட்டிவிட்டார்களாம், இறங்கித் திறந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். முற்றத்தில் போட்ட கொட்டகைக்குள் ஊர் முழுக்க வந்து உட்கார்ந்தாயிற்று. மர்ளியா முன்வரிசையில் காலோடு காலைப் பின்னிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பவுலினா அவளிடம் குனிந்து, கொட்டகைக்கே கேட்கும்படி, "இன்னும் கொஞ்சம் பொறுங்க தங்கச்சி" என்று இரகசியம் சொன்னாள்.

இனிப் பொறுக்க ஏலாது என்று மர்ளியா எழுந்துவிட்டாள். சேர் கைபேசியை எடுத்து மேலிடத்தோடு பேசினார். மேலிடம் அதற்கு மேலிடத்தோடு பேசியது. கடைசியில் ஒரு சமரசம் கிடைத்தது. நாடாவை வெட்டக்கூடாது, உயர்த்தலாம்; அலுமாரியைத் திறக்கக்கூடாது, மேசையில் காட்சிக்கு வைத்திருந்த மாதிரிப் பெட்டியைக் கொடுக்கலாம். இரண்டு எழுதுவினைஞர்கள் ஆளுக்கொரு பக்கம் நாடாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். மர்ளியா முகத்தை முக்காட்டால் மறைத்துக்கொண்டு அதற்குக் கீழே குனிந்து போனாள். பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள்.

உள்ளே அவளே பட்டியை நனைத்து, தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்க்கப் போனபோது சேர் ஒரு பட்டுத்துணியை விரித்து மூடிவிட்டார்.

"தங்கச்சி, நீங்க பாக்கப்படாது. திரைநீக்கம் அதிதிதான்."

"சேர், அஞ்சு நிமிஷத்துல பாக்கணும் எண்டு அந்தத் தாள்ள போட்டிரிக்கி."

"அதப் பத்தித்தான் இப்ப நான் பேசப் போறன்," என்று சொல்லிவிட்டு அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

அந்தப் பேச்சு எனக்கு இன்றும் ஞாபகமிருக்கிறது. "அன்பார்ந்த தாய்மார்களே! நேரம் என்பது இந்தப் பரிசோதனையின் உயிர்நாடி. நாள் தள்ளிப்போகுமுன் அவசரப்படக்கூடாது. பட்டியை நனைத்தபின் தாமதிக்கக்கூடாது. ஐந்து நிமிடத்தில் பார்க்காத முடிவு முடிவே அல்ல. இதை நான் கடந்த அரை மணித்தியாலமாக உங்களுக்கு வலியுறுத்தி வருகிறேன். இன்னும் வலியுறுத்துவேன்." பிறகு இரகசியத்தைப் பற்றிச் சொன்னார். இப்படியான விடயம் ஒரு பெண்ணுக்கும் அவளைப் படைத்தவனுக்கும் மட்டுமே தெரிய வேண்டியது என்று அவர் முழங்கியது, அன்று கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த தோணிகளில் தெளிவாகக் கேட்டதாம்.

கச்சான் காற்று பட்டுத்துணியைத் தூக்கப் பார்த்தது. எழுதுவினைஞர்கள் ஓடிப்போய் நான்கு மூலைகளிலும் நான்கு தேங்காய் வைத்தார்கள். மர்ளியா அந்தத் துணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையை நீட்டினால் தொடுகிற தூரம். அவள் எத்தனை வருஷமாகக் கேட்டுத் தொழுத பதில் அந்தத் தேங்காய்களுக்கு நடுவே கிடந்தது, உலகத்தில் ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்துபோய்த் துணியைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை, எங்கள் ஊரில் கூட்டத்தில் எழுந்தால் நன்றியுரை சொல்லச் சொல்லிவிடுவார்கள்.

மதியம், லுஹர் தொழுகைக்குச் சற்று முன்னே அதிதி வந்து சேர்ந்தார். மேலதிகப் பணிப்பாளர், சிரித்த முகம். நாடாவை வெட்டினார், ஒருத்தரும் உள்ளே போகவில்லை. அவர் சிங்களத்தில் பேச, சேர் அதைத் தமிழில் சொன்னார், அதனால் எங்களுக்குத் தாமதம் இரண்டு மொழியிலும் கிடைத்தது. தான் பிந்தி வந்ததாகச் சிலர் நினைக்கலாம், உண்மையில் விழாதான் முந்திவிட்டது என்று அதிதி சொன்னார். அரசாங்கம் ஒருபோதும் காலம் தாழ்த்தியதில்லை, காலம்தான் அவ்வப்போது அரசாங்கத்தை விட்டுவிட்டுப் போய்விடுகிறது என்றும் சொன்னார். பிறகு தேங்காய்களை விலக்கித் திரைநீக்கம் செய்தார்.

இரண்டு கோடு. ஒன்று தெளிவு, மற்றது காய்ந்து மங்கல்.

பெண்ணுக்கு முபாரக் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஸுஹைரா ராத்தா அங்கேயே யாரிடமோ மாங்காய் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். மர்ளியா மட்டும் அசையவில்லை. கோட்டைக் கண்டதும் அவளுடைய முகம் ஒரு கணம் பூரித்தது, அடுத்த கணம் செத்துப்போனது. முந்தின வருஷத்துக் கோடும் அச்சொட்டாக இப்படித்தான் இருந்தது.

"மிஸ், இது மெய்யா?" என்று பவுலினாவைக் கேட்டாள்.

பவுலினா துண்டுத்தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தாள். நேரம் கடந்தபின் தெரிகிற கோட்டைக் கணக்கில் எடுக்கக்கூடாது, ஓமென்றும் சொல்லேலாது, இல்லையென்றும் சொல்லேலாது என்று மெதுவாகத்தான் சொன்னாள். அவளுடைய மெதுவை ஒலிவாங்கி பிடித்துக்கொண்டது. அப்படியானால் தான் அறிவித்தது என்ன என்று அதிதி சேரைப் பார்த்துக் கேட்டார்.

"நிழல், சேர்," என்றார் செய்னுலாப்தீன் சேர். "அது ஒரு நிழலா இரிக்கலாம்."

நிழலா, கோடா என்று ஆராய அந்த இடத்திலேயே ஒரு விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. நியமித்த கையோடு எல்லாரும் சஹன் சாப்பாட்டுக்குப் போனார்கள். ஆறு ஆறு பேராக ஒரே தட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பாடு மட்டும் குறித்த நேரத்துக்கு வந்தது என்பதை நான் மறைக்கக்கூடாது.

மர்ளியா சாப்பிடவில்லை. கூட்டம் கலையுமுன்னே அஃப்ராஸைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சிலாபத்துக்குப் போய்விட்டாள். அங்கே அவர்களை யாருக்கும் தெரியாது. மீன் சந்தைக்குக் கிட்ட ஒரு பாமசியில் இருந்த பிள்ளை ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டியைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை கேள்வி கேட்காததற்காக மர்ளியா பஸ்ஸில் வரும்போது இரண்டு தரம் அவளுக்காகத் துஆச் செய்தாளாம்.

மறுநாள் காலையில் நாடா இல்லை, தேங்காய் இல்லை. கக்கூஸ் கதவு சும்மா திறந்தது. பட்டியை மேசையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் அதற்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அஃப்ராஸ் கையில் கைபேசி, அதில் மணிக்கூடு. பயத்தில் அவன் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதீங்க," என்றாள் மர்ளியா. "பேசினா நேரம் பிந்திடும்."

ஐந்து நிமிடத்துக்குள்ளேயே இரண்டு கோடும் வந்துவிட்டது, இரண்டும் நல்ல சிவப்பாக. இரண்டு பேரும் சத்தம் போடாமல் அழுதார்கள். அடுத்த கிழமை சிலாபம் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து அதையே சொன்னார்கள். அஃப்ராஸுக்கு வட்டிலப்பம் அவிக்கக் கை துடித்தது. மர்ளியா முட்டைகளை ஒளித்துவைத்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் அந்தத் திட்டத்தின் வெற்றி என்று சொல்ல வேண்டும். ஊரில் யார் கேட்டாலும் மர்ளியா "விசாரணையில இரிக்கி ராத்தா" என்பாள். விசாரணையில் இருக்கும் விடயத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. அது பயமா, பழக்கமா என்று எனக்குத் தெரியாது. ஒரு பீங்கான் வரவில்லை, ஒரு மாங்காய் வரவில்லை. மருந்துக்கும் பரிசோதனைக்கும் சிலாபத்துக்கே போய்வந்தாள். அவள் கேட்ட இரகசியத்தை அரசாங்கம் கடைசியில் கொடுத்துவிட்டது.

குழு தன் பாட்டில் வேலை செய்தது. பட்டுத்துணியைப் பரிசோதித்தது. நான்கு தேங்காய்களையும் ஆஜர்படுத்தச் சொன்னது, ஒன்று சம்பலாகிவிட்டதால் விசாரணை தள்ளிப்போனது. பிறகு, சந்தேகம் தீரும் பொருட்டு, விழா நடந்த அன்றைய காலைச் சிறுநீரையே மீண்டும் சமர்ப்பிக்கும்படி பவுலினா மூலம் சொல்லியனுப்பியது. பவுலினா அதை மர்ளியாவிடம் சொல்லிவிட்டு வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு நாள் கடற்கரை ரோட்டில், வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்த மர்ளியாவுக்கு எதிரே செய்னுலாப்தீன் சேர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வண்டியை நிறுத்தி ஸலாம் சொன்னார். ஆனால் கண்ணைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். முடிவு வரும்வரை எதையும் பார்க்கத் தனக்கு அதிகாரமில்லை என்று பிறகு என்னிடம் விளக்கம் சொன்னார்.

பெண்பிள்ளை பிறந்தது. அஸ்கா என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியால் வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும், ஒரு நாள் விடியக்காலையில், வேறெங்கோ ஒரு திறப்புவிழாவுக்குப் போகிற வழியில், சேர் அஃப்ராஸின் முற்றத்தில் வந்து நின்றார். நான் கடலுக்குப் போக அஃப்ராஸைக் கூப்பிட வந்திருந்தேன். குழுவின் முடிவு வந்துவிட்டது என்றார். தொண்டையைச் செருமி, நின்றபடியே அறிவித்தார்.

"மேற்படி கோடு குறித்த நேரத்தில் அவதானிக்கப்படாமையால், முதற்பயனாளி கர்ப்பமாக இல்லை எனக் கொள்ளப்படும்."

வீட்டுக்குள்ளிருந்து மர்ளியா பிள்ளையோடு வெளியே வந்தாள். சேர் பிள்ளையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இது... யார்ட புள்ள?"

"நீங்க சொன்ன நிழல்தான் சேர்," என்றாள் மர்ளியா. சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பிள்ளையை அவருடைய கையில் கொடுத்தாள்.

நல்ல மனுஷன்தான், இரண்டு கையாலும் பக்குவமாக வாங்கினார். அப்போதுதான் விழித்த பிள்ளை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சூடாக ஒன்றுக்குப் போய்விட்டது. காலையில் முதலாவது. சேர் பழக்கதோஷத்தில் கைமணிக்கூட்டைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் பாத்துட்டுச் சொல்லுங்க சேர்," என்றாள் மர்ளியா.

அவர் பார்த்தார். மெய்யாகவே பார்த்தார். பிள்ளையை ஏந்திக்கொண்டு, சட்டை நனைந்தபடி, அந்த ஐந்து நிமிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அப்படி ஒரு அமைதியை அவருடைய வாயிலிருந்து நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. பிள்ளை அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டது.

"ஓம் தங்கச்சி," என்றார் கடைசியில். "புள்ள இரிக்கி."

அஃப்ராஸ் உள்ளே ஓடிப்போய் ஒரு பீங்கானில் வட்டிலப்பம் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தான். அந்தப் பீங்கான் இன்னும் திரும்பி வரவில்லை. வெறுமனே திருப்புவதா, எதையாவது வைத்துத் திருப்புவதா என்று காரியாலயத்தில் ஒரு குழு ஆராய்கிறதாம்.